பதினெட்டாம் கேள்வியில் நிற்பவள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, உன் அறை ஜன்னல் கொக்கி மட்டும் இன்னும் ஆடுகிறது.

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரரின் மகள் உங்கள் கம்பெனியின் பயிற்சித் தேர்வில்தான் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் மாடிக்கு வந்து, ஒருத்தி இருக்கா அத்தை, நான் எவ்வளவு வேகமா எழுதினாலும் முந்திடறா, மனுஷியா மெஷினான்னே தெரியலை என்று அழாத குறையாகச் சொன்னாள். பேர் என்னடி என்றேன். வாலு என்றாள். நம் வீட்டு வாலுவைப் போல உலகத்தில் எத்தனையோ வாலு இருக்கும் என்றுதான் படியிறங்கிப் போனேன். திரையின் ஓரத்தில் எழுதுகிறவர்களின் பேர், பக்கத்தில் பச்சைப் புள்ளி, எத்தனையாவது கேள்வி என்று ஓர் எண். உன் தங்கை எப்படிக் கடகடவென்று போவாள், அப்படியே போனது எண். பதினெட்டில் நின்றுவிட்டது. புள்ளி மட்டும் பச்சையாக இருக்கிறது. இந்தத் தேர்வை எத்தனை தடவை எழுதினாலும் இங்கதான் அத்தை நிப்பா, நின்னுட்டும் ஜெயிச்சிடுவா என்றாள் அந்தப் பெண். ஏன் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். நீ சோதித்துப் பார்ப்பதற்காக உன் தங்கையை எழுதச் சொன்னாயே, அந்தச் சாயங்காலம் திடீரென்று மழை பிடித்தது. மாடித் துணியை எடுத்துட்டு வாடி, அப்படி என்ன தலைபோற பரீட்சை என்று கத்தியது நான்தான். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்விட்டு வந்து ஈரக்கையோடு தட்டினாள்.

போன தடவை வந்தபோது நீ பெருமையாகச் சொன்னது அப்போதுதான் புரிந்தது. கேள்விகள் ஓரிடம், விடைகள் ஓரிடம், நேரம் பார்ப்பது ஓரிடம் என்று பிரித்துக் கட்டியிருக்கேன், ஒண்ணு படுத்தாலும் மத்தது ஓடும்மா என்றாய். ஆள் குறைந்தால் பழைய பிள்ளைகள் எழுதியதை அதே வேகத்தில் ஓடவிடுவோம், வெறும் ஹால்ல எவன்மா எழுதுவான் என்றாய். பக்கத்தில் எழுதுவது ஆளே இல்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல உங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. நம் வாலுவைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு போனபோது ஆஸ்பத்திரியில் அவளுக்குப் படுக்கை இல்லை என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். உங்கள் கம்பெனியில் மட்டும் அவளுக்கு நிரந்தர இடம். இங்கே தையல்காரர் மகள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுத் திரையைப் பிடித்துக்கொள்கிறாள். செத்தவளை முந்த முடியாமல் உயிரோடு இருக்கிறவள் இளைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன், வாய் நிற்கவில்லை. இப்போது சாயங்காலமானால் பொத்தான் தைக்க வேண்டும் என்று கீழே கிளம்பிவிடுகிறார். இருக்கிற சட்டைப் பொத்தானையெல்லாம் அவரே பிய்த்து வைத்திருக்கிறார். நேற்று எண் பத்தொன்பதுக்கு மாறியதும், வந்துட்டா என்றார். யார் மாமா என்று அந்தப் பெண் கேட்க, இருமிச் சமாளித்தார்.

மொத்தத்தையும் புதிதாக வடிவமைக்கிறேன், லட்சம் பிள்ளைகள் ஒன்றாக எழுதினாலும் தாங்கும், பழைய பதிவுகளை அப்படியே புதியதற்கு மாற்றிவிடுவோம் என்றாயே, அவளை மாற்றாதே. மறந்து விட்டுப்போனதா, தெரிந்தேதான் வைத்திருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. தெரிந்தே என்றாலும் கோபமில்லை. நீயும் அங்கே தனியாக உட்கார்ந்து அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பாயோ என்றுதான் பயமாக இருக்கிறது. எடுத்துவிடு. மற்றப் பிள்ளைகளின் பேருக்குப் பக்கத்தில் இது பழைய பதிவு என்று எழுதிவிடு, மேலே இருப்பவர்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

ஈரத்தலையோடு ஏசியில் உட்காராதே. நீ நீண்ட ஆயுளோடு, ஒருவரையும் ஏமாற்றத் தேவையில்லாத வேலையோடு நன்றாக இருக்க வேண்டும். எடுக்கப்போகும் நாளை மட்டும் மறக்காமல் முன்கூட்டியே சொல். அன்றைக்குக் கீழ்வீட்டுப் பெண்ணை அந்தத் தேர்வையே எழுதச் சொல்லி நானும் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம். பதினெட்டில் அவள் நிற்கும்போது, துணி நனைந்தால் நனையட்டும், நீ எழுதி முடிடி என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அம்மா