பதினோராம் பக்கம்

வையம்பட்டி,
5.2.2025

அன்புள்ள ஷெர்லின்,

நலமா என்று கேட்க மனமில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைச் சோதித்து, கல்லூரி முத்திரையோடு அறிக்கை அனுப்பினாய். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வீரமலை, முத்திரையைக் கண்டதும் தண்ணீர் பாஸாகிவிட்டது என்று நம்பினார். முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு, குங்குமம் வைத்துத் தொட்டியில் மாட்டினார். அதுவரை மகளுக்காக வயல் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தவர், அன்றோடு நிறுத்தினார்.

நேற்று பள்ளிக்கு வந்த பல் டாக்டர், அந்தப் பிள்ளையின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்துவிட்டு அறிக்கையைக் கேட்டார். பதினோராம் பக்கத்தில் நீ எழுதியது இது: “ஃபுளோரைடு செறிவு உச்சவரம்பினை விஞ்சியிருத்தலால், இந்நீரின் நுகர்வுப் பொருத்தப்பாடு மீளாய்வுக்குரியதாகக் கருதப்படலாம்.”

டாக்டரே இரண்டு முறை படித்தார். “குடிக்காதீங்கன்னு சொல்றாங்க டீச்சர்” என்றார்.

என் வகுப்பில் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

ஆனந்தவள்ளி

திருச்சி,
10.2.2025

அன்பு வள்ளி,

உன் கோபம் புரிகிறது. ஆனால் ஆய்வறிக்கையில் ‘குடிக்காதே’ என்று எழுத முடியாது. துறையில் சிரிப்பார்கள். நான் எதையும் மறைக்கவில்லை, பதினோராம் பக்கத்தில் இருக்கிறதே. நீயும் எம்.ஏ. படித்தவள். அன்றைக்கே ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம்.

உன்,
ஷெர்லின்

வையம்பட்டி,
14.2.2025

ஷெர்லின்,

ஆமாம், நானும் படித்தேன். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். அது என் குற்றம். வெட்கப்படும்படி எழுதியது உன் குற்றம்.

நம் கல்லூரி விடுதியில் ஒருநாள் சாம்பார் கெட்டுப்போனது. “யாரும் தொடாதீங்கடி” என்று மூன்று மாடிக்கும் கேட்கக் கத்தியவள் நீ. அன்றைக்கு யார் சிரித்தார்கள்?

வள்ளி

திருச்சி,
20.2.2025

வள்ளி,

நான்கு நாளாக உன் கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். கீழே இருப்பதை வீரமலைக்கு வாசித்துக் காட்டு. அவருக்குப் புரியாத வரியை அடித்து அனுப்பு.

“இந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். இதில் சமைக்க வேண்டாம். காய்ச்சினாலும் சரியாகாது. குழந்தைகளின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். இது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். உங்களுக்குப் புரியும்படி நான் சொல்லவில்லை. ஷெர்லின்.”

வையம்பட்டி,
26.2.2025

ஷெர்லின்,

வாசித்துக் காட்டினேன். அவர் எந்த வரியையும் அடிக்கவில்லை. ஒன்றை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

“அந்தம்மாவுக்கு ரெண்டு வருஷமாத் தெரியுமாங்க டீச்சர்?”

அதற்குப் பதிலை நீதான் வந்து சொல்ல வேண்டும்.

பழைய தாளை எடுத்துவிட்டு, அதே சட்டத்தில் இதை மாட்டினார். குங்குமம் வைக்கவில்லை.

வள்ளி