கடைசியாக மூடும் புரோகிராம்

14 ஆகஸ்ட் 1978, திங்கள்

நாளை விடுமுறை. அதனால் மாலையில் ஆலைக் கம்ப்யூட்டரை முழுவதும் நிறுத்தினோம். நிறுத்தும்போது புரோகிராம்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரோடு இணைத்த டைப்ரைட்டரில் செய்தி அடிக்கும் புரோகிராம்தான் முன்பெல்லாம் முதலில் மூடும். போன வாரம் அதை நான் கடைசிக்கு மாற்றினேன்.

"எல்லாம் நின்ன பிறகு அது யாருக்குச் செய்தி சொல்லும்?" என்று மேலதிகாரி சிரித்தார்.

"நிக்காதது ஏதாவது இருந்தா, அதைச் சொல்ல ஒண்ணு வேண்டாமா சார்?" என்றேன்.

இன்று ஆபரேட்டர் பழனிச்சாமி மின்சாரத்தை அணைக்கக் கை வைத்தபோது டைப்ரைட்டர் தடதடவென்று அடித்தது. சரக்குக் கணக்கு இன்னும் டிஸ்க்கில் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று செய்தி.

"அணைக்காதேங்கோ!" என்று கத்திவிட்டேன்.

"நல்லவேளைங்க மேடம், அணைச்சிருப்பனுங்க," என்று கையை எடுத்தார். அணைத்திருந்தால் இந்த மாதம் ஏற்றிய கணக்கெல்லாம் போயிருக்கும்.

மேலதிகாரி காகிதத்தை இரண்டு முறை படித்தார். "வரிசை இப்படியே இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். போதுமா?

வீட்டுக்குத் திரும்பும்போது கல்பாத்தி பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து வீட்டு மாமி பார்த்துவிட்டாள்.

"என்னடி, கல்யாணம் நிச்சயமாயிடுத்தா?"

"அதைவிடப் பெரிசு மாமி," என்றேன்.

நாளைக்குள் அம்மா காதுக்குப் போய்விடும். போகட்டும்.