மூன்றெழுத்துப் பலகை

மாமா,

இன்று காலை பட்டறையில் பெயிண்டர் தின்னர் டப்பாவைத் திறந்தார். அந்த நெடி ஆபீஸ் அறைக்குள் வந்ததும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். நீங்கள் எழுதி மாட்டச் சொன்ன பலகை கம்ப்யூட்டருக்கு மேலே இன்னும் அப்படியேதான் தொங்குகிறது. மஞ்சள் பூச்சின் மேல் சிவப்பில், லாரியின் நெற்றியில் எழுதுகிற அதே கொழுத்த எழுத்தில், எச்.டி.எம். பக்கத்தில் இருக்கும் உங்கள் படத்துக்குப் போட்ட மாலை காய்ந்து சருகாகிவிட்டது, அதை மாற்ற இந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. பலகையை மட்டும் நான் தூசி படிய விடுவதில்லை.

நம் வெப்சைட்டை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். போனில் பேசிய பெண், "முகப்புப் பக்கத்தோட ஃபைல் பேரு எச்.டி.எம்.எல்.னு முடியணும் மேடம். மூணெழுத்தெல்லாம் ரொம்பப் பழசு" என்றாள். நீங்கள் கேட்டிருக்க வேண்டும். உங்கள் சட்டத்தைப் பழசு என்று சொல்ல ஒருத்தி வந்துவிட்டாள், அதுவும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி ஆத்தூரிலிருந்து வந்த புதிதில், "கம்ப்யூட்டர் படிச்சவதான, இதையாச்சும் பாரு" என்று இந்த வெப்சைட்டை என் தலையில் கட்டினீர்கள். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்கு வெப்சைட் இருப்பதில் உங்களுக்குப் பெருமை. அதன் முகப்புப் பக்கத்தை யாரோ மூன்றெழுத்தில் முடியும் பெயரில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் படித்தது நான்கெழுத்து, அதனால் புதுப் பக்கத்தை நான்கெழுத்தில் ஏற்றினேன். இரண்டும் ஒரே இடத்தில் கிடந்தால் நம் சர்வர் நான்கெழுத்தைத்தான் வெளியே காட்டும். மூன்றெழுத்து அதன் பின்னால் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். நீங்களோ பழைய பக்கத்தில் போன் நம்பரை மாற்றிவிட்டு, திரையில் மாறாததைக் கண்டு கொதித்துப் போனீர்கள்.

வெல்டர், பெயிண்டர், தச்சர் எல்லோரையும் கூப்பிட்டு நடுவில் என்னை நிற்க வைத்தீர்கள். "மூணெழுத்துல முடியற பேருக்கு எதுக்கு அம்மிணி ஒரு வாலு? ஆத்தூர்ல எல்லாரும் வாலோடதான் பொறப்பீங்களா?" பட்டறையே சிரித்தது. உங்கள் மகனும் சிரித்தார். அன்று மத்தியானமே பலகை எழுதி மாட்டப்பட்டது. "தெனமும் பாத்துப் பாத்துப் படி. இல்லீன்னா உங்கப்பன் ஊட்டுக்குப் போயிப் படி." அதற்குப் பிறகு நான் நான்காவது எழுத்தை அடித்ததே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் விரல் மூன்றோடு நின்றுவிடும். பயம்தான், வேறு என்ன. மரியாதை என்று நீங்கள் நினைத்திருந்தால் அது உங்கள் தப்பு.

பிறகு நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். சேலத்தில் டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்குக் கூட்டிவந்த வாரத்திலேயே உங்கள் மகன், எனக்குக்கூடச் சொல்லாமல், ஃபிளெக்ஸ் போடுகிற கடையில் ஒரு பக்கம் செய்து வாங்கிவிட்டார். 'கண்ணீர் அஞ்சலி'. எங்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து உங்களை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஓரத்தில் என் முகூர்த்தப் புடவையின் தோள் தெரிந்தது. தோற்றம் என்று உங்கள் பிறந்த தேதி. மறைவு என்ற இடம் காலி. அதற்குக் கீழே, 'தொழில் தொடர்ந்து நடைபெறும், தொடர்புக்கு' என்று அவருடைய நம்பர். சமயத்தில் தேட வேண்டாம் என்று அதைச் சர்வரில் தயாராக ஏற்றியும் வைத்தார். கடைக்காரன் அதற்கும் முகப்புப் பக்கத்தின் பெயரையே வைத்திருந்தான், முடிவு மட்டும் நான்கெழுத்தில். "பேருதான் வேறயாச்சே, வெளிய தெரியாதுன்னு நெனச்சேன்" என்றார் பிறகு. நம் மூன்றெழுத்துப் பக்கத்தைத் தள்ளிவிட்டு அது முன்னால் வந்து நின்றது.

சங்ககிரி லாரி ஓனர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, துக்கம் கேட்க உங்கள் நம்பருக்கே போன் செய்தார். நீங்களே எடுத்தீர்கள். கஞ்சிக் கிண்ணத்தோடு நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏனுங்க, பெரியவரு எப்பங்க தவறுனாரு?"

"இன்னும் இல்லீங்க. தவறுனதும் சொல்றேனுங்க."

போனை வைத்துவிட்டு வெப்சைட்டைத் திறக்கச் சொன்னீர்கள். உங்களுக்கே மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்ததைக் கண்ணாடி போட்டு, பெரிதாக்கி, கீழே இருந்த நம்பர் வரைக்கும் பார்த்தீர்கள். மேலே முகவரியையும், அதன் கடைசியில் இருந்த ஃபைல் பெயரையும்கூட விடவில்லை. "யாரு போட்டது?" என்று கேட்டீர்கள். வாசற்படியில் நின்ற உங்கள் மகன் என்னைப் பார்த்தார். சாகக் கிடக்கிற மனுசனுக்கு, பெற்ற பிள்ளை நாள் எண்ணுகிறான் என்று தெரியக் கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றிய ஒரே தடவையும் அதுதான்.

"நான்தான் மாமா. கைதவறிப் போச்சு."

அதிலிருந்து உங்களுக்கு உயிர் வந்தது. டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி எழுந்து உட்கார்ந்து பேசினீர்கள். "என்ற மருமவ என்னைய உசுரோட பாடையில ஏத்திட்டா, பாத்தீங்களா?" புதுச்சத்திரத்திலிருந்து வந்த சொந்தம், மேட்டூரிலிருந்து வந்த இன்னொரு சம்பந்தி, டயர் கடைக்காரர், எல்லோருக்கும் அதே கதை. அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தது நான். டம்ளரை வாங்கும்போது என் கையை ஒரு மாதிரி பார்த்தார்கள். என் அப்பா வந்தபோதும் விடவில்லை நீங்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, காப்பியைத் தொடாமலே பஸ் ஏறிப் போனார்.

கடைசி வாரம் ஒரு மத்தியானம் வீட்டில் நாம் இருவர் மட்டும்தான். முதுகு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "அது நீ போட்டதில்லீன்னு அன்னைக்கே தெரியும் அம்மிணி. நீயா இருந்தா மூணெழுத்துலல்ல போட்டிருப்ப."

என் கை நின்றுவிட்டது. "தெரிஞ்சுமா மாமா ஊரெல்லாம் அப்படிச் சொன்னீங்க?"

"பின்னே? அவனைச் சொல்லிப்போட்டு நான் யாரு கையில கொள்ளி வாங்கறது?" கொஞ்சம் மூச்சு வாங்கினீர்கள். "நீ வெளியில இருந்து வந்தவ. தாங்கிக்குவ."

இதை வெளியே சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். என் அப்பாவிடம் மட்டுமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன், நினைவிருக்கிறதா? "பவுடர் போட்டு உடு, வேர்க்குது" என்றீர்கள். போட்டுவிட்டேன்.

நினைத்தபடியே மகன் கையால் கொள்ளி கிடைத்தது உங்களுக்கு. சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த தலை காயாமலே, "அதான் ரெடியா இருக்குதே, தேதி மட்டும் போட்டு ஏத்து" என்றார் அவர். ஏற்றினேன். அழவில்லை. அன்று அழாததையும் சேர்த்துப் பேசிக்கொண்டார்கள்.

போன மாதம் உங்கள் திதி. பந்தியில் மறுபடி அந்தக் கதை வந்தது. "பெரியவர உசுரோட அனுப்பி வெச்ச பொண்ணுல்ல இது!" என்று யாரோ சொல்ல, பந்தி முழுக்கச் சிரித்தது. உங்கள் மகன்தான் சத்தமாகச் சிரித்தார், புரையேறும் அளவுக்கு. அவருக்கு இப்போது சர்க்கரை இருக்கிறது, நெஞ்சுவலிக்கு மாத்திரையும் போடுகிறார். தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். என் அப்பா இந்தத் தடவையும் வரவில்லை. இனி வர மாட்டார், அவரும் போய்விட்டார், உங்கள் கதையை நம்பியபடியே.

புதுப் பக்கத்தை இன்று அந்தப் பெண் சொன்னபடி நான்கெழுத்தில் ஏற்றிவிட்டேன். நன்றாக இருக்கிறது, லாரிப் படங்களெல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. அதற்குப் பின்னால், அதே இடத்தில், நீங்கள் கற்றுக்கொடுத்த மூன்றெழுத்தில் இன்னொரு பக்கமும் வைத்திருக்கிறேன். அதே கல்யாணப் போட்டோ. இந்தத் தடவை உங்கள் மகனை மட்டும் வெட்டி எடுத்தேன். மாலை, விளக்கு, தோற்றம் எல்லாம் போட்டாயிற்று. மறைவு என்ற இடம் காலி. கீழே, 'தொழில் தொடர்ந்து நடைபெறும், தொடர்புக்கு' என்று என் நம்பர்.

முன்னால் இருக்கும் நான்கெழுத்தை எடுக்கிறவரை அது யார் கண்ணிலும் படாது மாமா. நான் கைதவறுகிறவள் இல்லை. அது உங்களுக்குத்தான் தெரியும்.