தலையில் வைத்த கை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்று காலையில் கடவுளிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, பொய் எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவர் இல்லாதபோது பேசினாலும் இவ்வளவையும் கோர்வையாகச் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் கடிதம்.

இரண்டு மாதமாகவே எனக்கு அவர்மேல் சந்தேகம். தையல் கடையிலிருந்து வந்ததும் நாற்காலியில் சாய்ந்து, வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, குடியே முழுகிப்போன மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, என்னங்க, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கும்போது இப்படித் தலையில கைய வைக்கலாமா என்று கேட்டால், ஒண்ணுமில்லடி, சும்மா என்பார். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளிடமா சும்மா? கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அந்தக் கை எப்போதெல்லாம் தலைக்குப் போகிறது என்று குறிக்க ஆரம்பித்தேன். குனிந்து பேப்பர் படித்து முடித்தால் ஒரு தடவை. சவரம் செய்ய அண்ணாந்தால் உடனே. கடை உள்ள நாளில் ஏழெட்டுத் தடவை, ஞாயிற்றுக்கிழமை இரண்டோ மூன்றோ. அப்படியானால் விஷயம் கடையில்தான், முதலாளி இவரை நிறுத்தப் பார்க்கிறார், இவர் மறைக்கிறார் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். என்ன ஆபத்து என்று தெரியாமலே, அது விலக வேண்டும் என்று ஒரு வாரம் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டு வேண்டினேன். கடவுளுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

பிறகு ஒருநாள், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார் என்ற சாக்கில் கடைக்கே போனேன். மறக்கவில்லை, நான்தான் எடுத்து ஒளித்து வைத்தேன், அதற்குக் கடவுளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். பட்டன் தைக்கிற அம்மாதான் இருந்தாள். மாஸ்டருக்கு என்னக்கா குறைச்சல், ராஜா மாதிரி சாக்பீஸால கோடு மட்டும் போடுறாரு, கத்திரியத் தொடுறதே இல்ல, வெட்டுறதெல்லாம் நாங்கதான் என்று சிரித்தாள். தன் கத்திரியை நான் நகர்த்தி வைத்தாலே முறைக்கிற மனுஷர், ஊரே கைராசி என்று சொல்லித் துணியைக் கொண்டுவந்து கொடுக்கிற கட்டிங் மாஸ்டர், கத்திரியைத் தொடுவதில்லையாம். அன்றைக்கே பிடித்து உலுக்கினேன். கழுத்தில் ஆரம்பித்துத் தோள் வழியாகக் கட்டைவிரல் வரை கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அதற்கு வைத்தியமாக முடிவெட்டுகிறவரிடம் இரண்டு தடவை கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு வேறு எடுத்திருக்கிறார். நல்லவேளை, கழுத்து மிச்சம் இருக்கிறது.

முதலில் பார்த்த டாக்டர் இதயத்துக்கு ஒரு இசிஜி எடுத்துப் பார்த்து அது சரி என்றார். அதோடு தோளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தோள்வலி என்று தைலம் எழுதிக் கொடுத்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தோளில்தான் கோளாறு என்றால் கட்டைவிரல் ஏன் எரிகிறது? அதனால் நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் அப்பாவின் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வலது பக்கமாக ஒருக்களித்து, மேலிருந்து மெல்ல ஒரு அழுத்து அழுத்தினார், அய்யோ என்று அப்பா போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். முழங்கை மடிப்பில் சின்னச் சுத்தியலால் தட்டினால் இடது கை துள்ளியது, வலது கை பேசாமல் கிடந்தது. பிறகு கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரலைத் தொட்டார். தொட்டதும் சொல்லணும் என்றார். இவர் ஒவ்வொன்றுக்கும் சரியாகச் சொன்னார், அதுவே எனக்குச் சந்தேகம். எட்டிப் பார்த்தால், ஒரு கண் பாதி திறந்திருக்கிறது! என் உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் பொத்தினேன். டாக்டரம்மா கட்டைவிரலை மூன்று தடவை தொட்டார். அப்பா, இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர் என்று கேட்டார்.

பாப்பா, என் உள்ளங்கை ஈரமாகிவிட்டது, அது அவர் கண்ணீரா என் வேர்வையா என்று நான் பார்க்கவில்லை.

கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி, கைக்கு வருகிற நரம்பை அது புறப்படுகிற இடத்திலேயே நசுக்குகிறதாம். நோட்டைக் காட்டினேன். டாக்டரம்மா முழுக்கப் படித்தார். கையைத் தலைமேல் வைத்தால் அந்த நரம்பின் இழுப்புத் தளர்ந்து வலி குறையும், உங்க வீட்டுக்காரர் தனக்குத் தானே வைத்தியம் பார்த்திருக்கார்மா என்றார். அந்தக் கையைத்தான் அபசகுனம் என்று தினமும் நான் பிடித்து இறக்கினேன். ஒரு நாள்கூட அவர் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். விரல் மரத்துப்போய், பிடி தளர்ந்து எத்தனை நாளாச்சு என்று டாக்டரம்மா கேட்டதற்கு, பத்து நாள் இருக்கும் என்றார் அப்பா. மேல்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பத்து நாளில் தசை இப்படி இளைக்காதே என்றார் அவர். மாத்திரையும் பயிற்சியும் போதுமா, ஆபரேஷன் வரை போக வேண்டுமா என்று முடிவு செய்ய, வரும் பதினெட்டாம் தேதி எடுக்கிற ஸ்கேனோடு இந்த நாள் கணக்கும் வேண்டுமாம், தள்ளிப்போட்டால் விரலில் போன உணர்ச்சி முழுசாகத் திரும்பாமலும் போகலாமாம். என் நோட்டில் வலிதான் இருக்கிறது, மரத்தது இல்லை, அதை அவர் என் கண்ணில் படாமல் வைத்திருந்தார். ஆனால் நீ அவருக்கு அனுப்பிய பார்சலில் வந்த கத்திரியை நேற்று எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். என் வலது கைக்கு அது வெட்டவில்லை. இடது கையில் நன்றாக வெட்டுகிறது. அப்பாவைக் கேட்டால், கடைக்கு வாங்கினது என்றார். வலது விரல் மரத்துப் பிடி போன பிறகுதானே அதைக் கேட்டிருப்பார்? இடதுகைக் கத்திரி வேண்டும் என்று அவர் எப்போது கேட்டார், என்ன சொல்லிக் கேட்டார்? அப்பாவும் பெண்ணும் சேர்ந்துகொண்டு என்னை விட்டுவிட்டீர்கள், அந்தச் சண்டையைப் பிறகு போடுகிறேன்.

அம்மாகிட்ட சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருப்பார், அவரை எனக்குத் தெரியும். அதை மீறுவது பாவம் என்று பயப்படாதே, அதை என் பேரில் எழுதிக்கொள்ளும்படி இன்று காலையிலேயே கடவுளிடம் கேட்டுக்கொண்டுவிட்டேன். பதினொரு மணிக்கு மேல் அவர் கடையில் இருப்பார், அப்போது போனில் கூப்பிட்டு, அவர் கத்திரி கேட்ட தேதியை மட்டும் சொல். நீயும் கம்ப்யூட்டர் முன்னால் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்காராதே. கடவுள் உங்கள் இருவரையும் கையில் ஏந்திக் காக்கட்டும்.

தேதிக்காகக் காத்திருக்கும்,
உன் அம்மா