தம்பிக்காகப் போட்ட பாஸ்வேர்டு

8 செப்டம்பர் 2025, திங்கள்

கம்பெனியிலிருந்து ஈரோட்டுக்கு இரண்டு லோடு பீங்கான் பியூஸ் கேரியர் போனது. லோடிங் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது பழமலை போன் செய்தான். தம்பி பகலில் போன் செய்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். சென்னையில் அவனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது, அதைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்தேன். “அக்கா, அந்த பிட்காயினு பாஸ்வேர்டு சொல்லு” என்றான்.

எந்த பிட்காயின்? ஒரு நிமிஷம் நிஜமாகவே புரியவில்லை. பிறகு மெல்ல வந்தது. 2017 ஜூன். அவன் இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் முடித்து லீவுக்கு வந்திருந்தான். நான் கடைவீதியில் சுப்புராயன் சார் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் டி.டி.பி. ஆபரேட்டர். ஹாஸ்டல் சீனியருக்கு வெப்சைட் செய்து கொடுத்ததற்குக் கூலியாக இவனுக்குக் கொஞ்சம் பிட்காயின் கிடைத்திருந்தது. அதை வைக்க ஒரு வாலட் வேண்டும் என்று அச்சகத்துக்கு வந்து, என் கம்ப்யூட்டரில் செய்தான். பாஸ்வேர்டு கேட்டபோது எழுந்து நின்றுகொண்டான். “நீயே போடுக்கா. எனக்குத் தெரிஞ்சா எவன்கிட்டயாவது உளறிடுவேன்.”

போட்டேன். இரண்டு தடவை கேட்டது, இரண்டு தடவையும் போட்டேன். என்ன போட்டேன் என்பதுதான் தெரியவில்லை.

10 செப்டம்பர்

பாஸ்வேர்டு மறந்தால், வாலட் செய்யும்போது அதுவே கொடுத்த பன்னிரண்டு சொற்களை வைத்துத் திறக்கலாமாம். அந்தச் சொற்களை எழுதிய தாளை அவன் ஹாஸ்டலில் தொலைத்துவிட்டான். ஆக அவன் தாளைத் தொலைத்தான், நான் மனதில் இருந்ததைத் தொலைத்தேன். ஆனால் பேச்சில் குற்றவாளி நான் மட்டும்.

அன்றைக்கு எட்டாயிரம் ரூபாய். இன்றைக்கு நாலரை லட்சம். கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தவே இல்லை. “நீ கேஸ் புக்கு எங்க வெச்சன்னே நாலு நாளு தேடுவ” என்றார்.

13 செப்டம்பர், சனி

நல்ல விஷயம்: எத்தனை தடவை தப்பாகப் போட்டாலும் அது பூட்டிக்கொள்ளாது. அன்றைக்கு என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப்போன வாலட் ஃபைலைப் பென் டிரைவில் அனுப்பி வைத்திருக்கிறான். கம்பெனிக் கம்ப்யூட்டரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முயன்றேன். என் பிறந்த நாள், அவன் பிறந்த நாள், அம்மா பெயர், ஊர் பெயர் கருவேப்பிலங்குறிச்சி (இங்கிலீஷில் எழுத்தெண்ணி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது), ஸ்கூல் ரோல் நம்பர். இல்லை. இல்லை. இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குள் இருந்த ஒருத்தி போட்டது. அவள் எதை நினைத்துப் போட்டிருப்பாள்? எனக்குப் பணத்தைவிட இதுதான் இப்போது அரிக்கிறது.

16 செப்டம்பர்

பழமலையின் நண்பன் ஒரு புரோகிராம் கொடுத்திருக்கிறான். வார்த்தைகளைப் பட்டியலாகக் கொடுத்தால் அதுவே மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்க்குமாம். “அந்த வருசம் உன் மனசுல என்னலாம் இருந்துச்சோ எல்லாத்தையும் எழுதுக்கா. எதையும் விடாத.”

மனதில் இருந்தது எல்லாம் என்றால்? எழுத உட்கார்ந்தேன். பச்சை லேடி பேர்டு சைக்கிள். அச்சகத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் கொளஞ்சி. அப்போது பிடித்த நடிகர் (சொல்ல மாட்டேன்). பழமலைநாதர் கோயில் தேர். இருநூற்றுப் பன்னிரண்டு வார்த்தை வந்தது. கணவர் வாங்கிப் படித்தார். “இதுல என் பேரு எங்க இருக்குது?”

“உங்களப் பாத்ததே அடுத்த வருசந்தாங்க.”

“அப்ப மொதல்ல பாத்தது எவன் பேரு, அத காட்டு.” மனுஷனுக்குச் சிரிப்பு வேறு.

21 செப்டம்பர், ஞாயிறு

புரோகிராம் நான்கு நாள் ஓடிவிட்டது. கிடைக்கவில்லை.

சாயங்காலம் பழமலை போன். குரலே சரியில்லை. “நெசமாவே மறந்துட்டியாக்கா? இல்ல, சொல்ல வேணாம்னு மாமா எதுனா சொன்னாங்களா?”

போனை வைத்துவிட்டேன்.

என்ன கேள்வி இது? இவனுக்கு நான் அப்பிடியா தெரியறேன்? ஃபீஸ் கட்ட ஆளில்லாதப்ப யாரு சம்பளத்துல இருந்து குடுத்தா? கேக்கறான் பாரு, மாமா சொன்னாங்களான்னு — அந்த மனுசன் காதுல விழுந்திருக்கும், எழுந்து வாசலுக்குப் போயிட்டாரு. எனக்கு அவமானமா இருக்குது.

பணம் போனால் போகட்டும். நான் ஒளித்துவைத்தேன் என்று நினைத்துக்கொண்டே என் தம்பி காலம் முழுக்க இருந்துவிடக் கூடாது. திறந்தே ஆக வேண்டும்.

22 செப்டம்பர்

பழமலையிடம் யாரோ ஒருவர், ஃபைலை அனுப்பினால் திறந்து தருகிறேன், பாதிப் பங்கு என்றாராம். வேண்டாம் என்று அவனுக்கு ஒரு வரியில் மெசேஜ் அனுப்பினேன். அவ்வளவுதான் இன்றைக்கு எங்களுக்குள் பேச்சு.

26 செப்டம்பர், வெள்ளி

ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

ஆயுத பூஜை விடுமுறை நோட்டீஸ் அடிக்கச் சொன்னார் மேனேஜர். சூளைப் பகுதியில் ஒட்ட வேண்டும், தமிழில். இத்தனை வருஷமாகத் தமிழை போனில்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததும் விரல்கள் தானாகப் பழைய பாமினி எழுத்துருவின் விசைகளுக்குப் போயின. பாமினியில் ஜே-யைத் தட்டினால் த விழும், கே-யைத் தட்டினால் ம. அச்சகத்தில் ஏழு வருஷம் அடித்தது, பார்க்காமலே வரும். முழு நோட்டீஸையும் அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தால் ஒரே இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. அந்தக் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துரு இல்லை. நடு நடுவே அரைப்புள்ளி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து.

பாஸ்வேர்டு பெட்டியில் என்ன அடித்தாலும் புள்ளிதானே தெரியும்.

அப்படியென்றால் அன்றைக்கு நான் அடித்தது தமிழ். கை பாமினியில் அடித்திருக்கிறது. நாங்கள் இருபது நாளாக இங்கிலீஷில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

28 செப்டம்பர், ஞாயிறு

இருநூற்றுப் பன்னிரண்டையும் பாமினி விசையில் அடித்து அனுப்பினேன். ராத்திரிக்குள் ஓடி முடிந்தது. இல்லை.

வழி சரி, வார்த்தை இன்னும் பட்டியலில் இல்லை. எதையும் விடாதே என்றான். எதை விட்டேன்?

30 செப்டம்பர்

ஒன்று தெரிகிறது. அன்றைக்கு நான் கோபமாக இருந்தேன். ஏன் என்று தெரியவில்லை, கோபம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவன் எழுந்து நின்றான், நான் அடித்தேன், எண்டரை ஓங்கித் தட்டினேன். ஒரு உணர்ச்சி மட்டும் தனியாக இப்படி மிச்சம் இருக்குமா?

4 அக்டோபர், சனி

அச்சகத்துக்குப் போனேன். இப்போது பாதிக் கடை ஃபிளெக்ஸ் பேனர். கட்டிங் மிஷினில் பூஜைச் சந்தனம் இன்னும் அழியவில்லை. சுப்புராயன் சார் என்னைப் பார்த்ததும், “என்னா வதனி, வேலைக்கு வந்துட்டியா? ஆளு வேணும்” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பிட்காயின் புரியவில்லை, தேதி புரிந்தது.

“அந்த மாசம் நீ என்னா அடிச்சன்னு வேணா பாத்துக்க.” மேலேயிருந்து மாதிரி ஆல்பங்களை இறக்கிப் போட்டார். அடிக்கும் ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒன்று அதில் ஒட்டிவைப்பது அந்தக் கடை வழக்கம். 2017 ஜூனைப் புரட்டினேன். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கல்யாணம். எல்லாம் என் கை. ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு பூர்ணிமாவின் கல்யாணப் பத்திரிகை.

பிளஸ் டூவில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இரண்டு பேரும் சேர்ந்துதான் செராமிக் டிப்ளமோவுக்கு அப்ளிகேஷன் வாங்கினோம். என் மார்க் அவளைவிட அதிகம். அப்பா கையெழுத்துப் போடவில்லை. “அடுத்து பழமலை படிக்கணும், ரெண்டு பேருக்கும் எங்க போவறது” என்றார். அவள் படித்தாள். ஆறு வருஷம் கழித்து அவள் பெயரை நானே அடித்தேன், பெயருக்குப் பக்கத்தில் அவள் படித்த டிப்ளமோவையும் அடித்தேன். அதே நாள் மத்தியானம்தான் பழமலை வந்தான், காலேஜ் பையோடு. பாஸ்வேர்டு நீயே போடு என்றான்.

சாரின் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகினேன். கையை வைத்தேன். யோசிக்கவில்லை.

ஈ, ஹெச், பெரிய டி, கே, அரைப்புள்ளி... அது ‘நானும்’. மீதியையும் கை அடித்தது.

நானும் படிச்சிருப்பேன்.

திறந்துவிட்டது.

திறந்ததற்கு நான் குதித்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தேன். இதை ஒருவரிடமும் நான் சொன்னதே இல்லை, கடைசியில் எனக்கே சொல்லிக்கொள்ளாமல் மறந்திருக்கிறேன். சார் டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். குடித்துவிட்டு வந்தேன்.

5 அக்டோபர்

பழமலைக்கு என்ன அனுப்புவது? தமிழில் அனுப்பினால் அவனால் திறக்க முடியாது. விசை எழுத்துகளாகவே அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன்.

“அக்கா, ஓப்பன் ஆயிடுச்சு. இப்பிடி ஒரு பாஸ்வேர்டு எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது. எப்பிடிக்கா போட்ட?”

“கை போன போக்குல போட்டேன்டா.”

பிறகு அவன் குரல் இறங்கியது. “அன்னிக்கு மாமாவப் பத்தி அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. அவருகிட்ட குடு, நானே சொல்றேன்.” கொடுத்தேன். இவர் “அட விடுப்பா” என்றார், ஆனால் முகம் தெளிந்துவிட்டது. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அவன் நம்புகிறான். போதும்.

போதுமா? என் மனதை அவன் கையில் வைத்திருக்கிறான், அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

7 அக்டோபர்

பாஸ்வேர்டை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன், உடனே மாற்று என்று மெசேஜ் போட்டேன். பதில் இல்லை.

12 அக்டோபர், ஞாயிறு

பழமலை காலையிலேயே கூப்பிட்டான். மாற்றினாயா என்று கேட்டேன்.

“அந்த எழுத்த, பாமினியத் தமிழாக்கற கன்வெர்ட்டர்ல போட்டுப் பாத்தேன்க்கா.”

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

“ஒரு தடவகூட நான் உன்னக் கேட்டதில்ல, இல்ல? நீ என்னா படிக்கணும்னு இருந்தன்னு.”

“நீ அப்ப சின்னப் பையன்.”

“இஞ்சினியரிங் படிக்கறப்ப சின்னப் பையன் இல்லக்கா.” அவன் அழுகிறானா, மூக்கு அடைத்திருக்கிறதா தெரியவில்லை. “பாஸ்வேர்ட மாத்த மனசு வரல. அப்பிடியே இருக்கட்டும். தெறக்கறப்பல்லாம் அத அடிக்கறேன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது, அந்த ஜூன் மாசத்துக் கோபமேதான்.

“மாத்துடா. அது என்னோடது. நீ உனக்குன்னு ஒண்ணு போட்டுக்க.”

“சரிக்கா” என்றான்.

ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. புதியது என்ன என்று நான் கேட்கவில்லை.