வரப்போரம் பிடுங்கிய தூர்

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பசு, கன்று எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ சரிம்மா சரிம்மா என்று மடையை அடைத்துவிடுகிறாய், காகிதம் அப்படிச் செய்யாது. ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் கரும்பலகையில் எழுத வாத்தியார் என்னைத்தான் கூப்பிடுவார், அதனால் எழுத்து புரியவில்லை என்று சாக்குச் சொல்லாதே. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பக்கத்து வயலில் டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம் நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன், மேகத்தைப் பார்க்கிறேன், திரும்ப வந்து எழுதுகிறேன். இதோடு மூன்று தடவை ஆகிவிட்டது. கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்.

வெள்ளம் வந்தது போய்விட்டது, பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது எப்படிச் சொன்னேன் என்று கேள். ஏழு நாள் தண்ணீர் நின்றது, பயிரின் நுனிகூடக் கண்ணில் படவில்லை. வடிந்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை ரைஸ் மில் களத்தில் நாலு பக்கத்து விவசாயிகளும் கூடுவோம், உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய். ஆளுக்கு ஒரு நெல் தூரை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வரிசையாக வைப்போம். வேர் வெள்ளையா கறுப்பா, தண்டை நகத்தால் கீறினால் உள்ளே குருத்து கெட்டியாக இருக்கிறதா கூழாகிவிட்டதா என்று பார்த்து, யார் பயிர் தேறும், யார் உழுது போட்டுவிட்டுத் தொண்ணூறு நாள் நெல்லை விதைக்க வேண்டும் என்று பேசுவோம். அந்த விதையைக் கிடங்கில் நாளை சனிக்கிழமை வரைதான் கொடுப்பார்கள். சேற்றில் இறங்கும் இரும்புச் சக்கர டிராக்டர் இங்கே ஒன்றே ஒன்று, அதுவும் ஞாயிறு அக்கரைக்குப் போய்விடும். ஆக இந்த வாரம் தப்பாக முடிவெடுத்தால் இந்தப் போகமே போச்சு.

ஞாயிற்றுக்கிழமை களத்தில் ஒரே பேச்சு. ஆற்றுக்கு மேல்பக்கம் வயலில் முழங்கால் உயரம் மணல் ஏறிவிட்டதாம். அக்கரையில் மக்காச்சோளம் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டதாம். வாய்க்கால் கடைசியில் இன்னும் தண்ணீர் வடியவில்லை, வாத்து நீந்துகிறது என்று ஒருவர் அழாத குறையாகச் சொன்னார். நம் தெரு ரேடியோ, அவர் வாய்தான் உனக்குத் தெரியுமே, அவனுங்களுக்கு முழுக்கு, நமக்கு வெறும் குளியல்தான் என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். அக்கரை விளைச்சல் போனால் நம் நெல்லுக்குக் கிராக்கி என்று மனசுக்குள் ஒரு மூலையில் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் மில்காரர் என் தூரைக் கையில் எடுத்தார். வேர் பால் மாதிரி வெள்ளை. இதுதான் தூரு, உங்க வயலுக்கு மட்டும் வெள்ளம் விருந்தாளியா வந்துட்டுப் போச்சாக்கா என்றார். இருபது தலை என் பக்கம் திரும்பியது. என் தலை ஒரு சாண் உயர்ந்துவிட்டது. பயிர் வளர்க்கத் தெரிஞ்சவங்களுக்கு வெள்ளம் என்ன பண்ணும் என்று ஒரு வார்த்தை விட்டேன். வீட்டுக்கு வந்த கையோடு உனக்குப் போன் செய்தேன்.

அந்தத் தூரை எங்கே பிடுங்கினேன் தெரியுமா, மோட்டார் கொட்டகை ஓரம், வரப்பில் நின்றபடியே எட்டிப் பிடுங்கினேன். அந்த இடம் மேடு, தண்ணீர் இரண்டு நாள்கூட நின்றிருக்காது. நடு வயலில் சேறு முழங்காலுக்கு மேல், இந்த வயதில் யார் இறங்குவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிடுங்கியதோடு விட்டேனா, குழாயடியில் வைத்து வேரைத் தேய்த்துக் கழுவிவேறு கொண்டுபோனேன். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கு முகம் கழுவி நிறுத்துகிற மாதிரி.

இதை நான் மறந்தே போயிருப்பேன். செவ்வாய்க்கிழமை வாய்க்காலில் தையல்காரியைப் பார்த்தேன், உனக்குப் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் தைத்துக் கொடுத்தவள். தையலில் சேர்த்ததைப் போட்டு நம் பக்கத்து வயலை இந்த வருஷம்தான் முதல் தடவையாகக் குத்தகைக்கு எடுத்து நட்டிருக்கிறாள். அவள் வயல் நம்முடையதைவிடப் பள்ளம். சிரித்துக்கொண்டே வந்து, அக்கா, உங்க தூர பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு உசுரே வந்துச்சு, பக்கத்து வயல் பொழச்சா என்னுதும் பொழைக்கும்ல, டிராக்டர வேணாம்னு சொல்லிட்டேன் என்றாள். நல்லதும்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. உன் அப்பா கட்டிலில் இருந்தபடியே என்ன, வேலியில போன ஓணான் கதையா என்றார். சொன்னேன். வயலுக்கு வரப்பு போட்டு என்ன பிரயோசனம், உன் வாய்க்குல்ல ஒரு வரப்பு போட்டிருக்கணும் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை விடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பை ஊன்றி நடு வயலுக்கே இறங்கிவிட்டேன். ஒரு கால் எடுத்தால் ஒரு கால் புதைகிறது. மேலே இருந்து பார்க்கப் பச்சை, கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு தனியாக வருகிறது. பத்து இடத்தில் பிடுங்கினேன், எட்டில் வேர் கறுப்பு, குருத்தைக் கீறினால் அழுகல் நாற்றம். அந்தச் சேற்றில் நின்றபடியே தையல்காரி வயலை எட்டிப் பார்த்தேன், நம்முடையதே இப்படி என்றால் அவளுடையது எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்.

அன்று சாயங்காலம் விதைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் மில்லுக்கு வந்திருந்தார்கள். நான் கால் கழுவாமலே போனேன். கறுத்த தூரை மில்காரர் மேஜையில் வைத்து, ஞாயித்துக்கிழமை நான் கொண்டாந்தது வரப்போரத்துல புடுங்கினது, கழுவிக் கொண்டாந்தது, இதுதான் என் நடு வயல், அதைப் பாத்து யாரும் முடிவு எடுத்திருந்தா மாத்திக்குங்க என்று சொல்லிவிட்டேன். நான் கூனிக் குறுகி நின்றேன். அப்போது ரேடியோ தொண்டையைச் செருமினார். நான் மட்டும் நடுவுலயா எறங்கினேன், எனக்கும் வரப்புதான் என்றார். அவர் சொன்னதும் இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். வாய்க்கால் கடைசிக்காரர் எல்லாருக்கும் மேலே போய், நான் கொண்டாந்தது என் வயலே இல்ல, மச்சான் வயலு என்றார். சிரிப்புத் தாங்க முடியாமல் மில்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆகக்கூடி நாலு பக்கத்து விவசாயிகளும் உட்கார்ந்து அலசி ஆராய்ந்தது நாலு பக்கத்து வரப்பைத்தான். வியாழக்கிழமை ஒருவர் வயலில் இன்னொருவர் இறங்கிப் பிடுங்குவது என்று பேசி அப்படியே செய்தோம். மேல்பக்கம் மணலுக்கு அடியில் பாதிப் பயிர் உயிரோடு இருக்கிறது, அவர்கள் பொறுத்திருக்கலாம். நம் பக்கம்தான் உழவு. குளித்தவர்கள் முழுகினோம், முழுகினவர்கள் கரை ஏறிவிட்டார்கள்.

தையல்காரி மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்தக் கறுத்த வேரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்கா, நான் துணி வெட்டுறவ, கரைய மட்டும் பாத்து சேலை வாங்கினது என் தப்புதான் என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் விட்ட டிராக்டர் முறையை வேறு ஒருவர் வாங்கிவிட்டார். புதன்கிழமை மில்லில் நான் கேட்டு வாங்கிய நம் முறை வெள்ளிக்கிழமை, அதாவது இன்றைக்கு. அதை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். நமக்கு நாளைக்கு, அதுவும் கடைசி ஆளாக. கொடுத்தது சரிதான், ஆனால் கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது, ஒரு மழை இறங்கினால் டிராக்டர் இறங்காது.

இதோ சத்தம் நின்றது, போய்விட்டு வந்தேன். தையல்காரி வயல் முடிந்துவிட்டது. வரப்பில் நின்று, நாளைக்கு விடிஞ்சதும் டிரைவர நானே போயி எழுப்புறேன், நீங்க விதைய நனைச்சு வையுங்க என்று கத்தினாள். இரண்டு நாளுக்குப் பிறகு என்னோடு பேசுகிறாள்.

மேலே எல்லாரும் சுகம் என்று எழுதினேனே, அதுவும் வரப்போரத்தில் பிடுங்கியதுதான். உன் அப்பா வரப்பை வெட்டித் தண்ணீரை வடிக்கப் போய் வழுக்கி விழுந்து முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார், ஆனாலும் என் தோளைப் பிடிக்காமல் வாசல் வரைக்கும் வர முடியவில்லை. பின்னறைச் சுவரில் கை நுழைகிற அளவு விரிசல். பசுவும் கன்றும் சுகம் என்றது மட்டும் உண்மை. இனி உன்னைக் கேட்கிறேன். முன்பெல்லாம் பகலில் கூப்பிட்டால் வேலையில் இருக்கிறேன் என்று நீ எடுக்கவே மாட்டாய். இப்போது ஒரு மாதமாக எந்த நேரம் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுக்கிறாய், எடுத்ததும் நல்லா இருக்கேம்மா என்கிறாய். நான் படிக்காதவள்தான், பயிரைப் பார்க்கத் தெரிந்தவள். வேலை போயிருந்தால் போகட்டும், உழுது போட்டு மறுபடி விதைத்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு நாள் கணக்கு உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. பேரனுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள், என் பேரன் மீனைத் தோற்கடிப்பான். மாப்பிள்ளையும் நீயும் ஒருவருக்கொருவர் மறைக்காமல் நூறு வருஷம் வாழ வேண்டும், கடவுள் கூடவே இருக்கட்டும். பதில் எழுத மறக்காதே, நடுவில் இறங்கிப் பிடுங்கு, கழுவாமல் அனுப்பு.

இப்படிக்கு,
சேற்றுக் காலோடு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா