அந்த மதியம் காற்று அடிக்கவில்லை

கெரிங், நெப்ராஸ்கா
ஏப்ரல் 23

அன்பு மகள் கார்லாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, ஒருவர் குறட்டையை மற்றவர் குறை சொல்லும் அளவுக்கு நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை ரஸ்ஸலும் பிள்ளைகளும் அதைவிட நலமாக இருக்க வேண்டும். இந்த வருடம் பனி சீக்கிரமே விட்டுவிட்டது, பீட்ரூட் வயல்களில் விதைப்பு தொடங்கிவிட்டது. அம்மா வெள்ளிக்கிழமை முட்டைக்கோசும் கறியும் வைத்த ரொட்டி செய்தாள், மாவை நான்தான் பிசைந்தேன், கல் மாதிரி வந்தது, ஆனாலும் இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தோம். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம், அதனால் நம் மெக்கானிக் ஹார்லனின் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படம் வந்தது. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற உங்கள் புது ட்ரெய்லர் வீட்டுக்கு முன்னால் நீங்கள் நான்கு பேரும் நிற்கிற படம். அம்மா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்துவிட்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுகிறாள், ஜூன் மாதம் என் பெண் இதில்தான் வரப்போகிறாள் என்று. எனக்கு அதைப் பார்த்த நாளிலிருந்து பால் எடுக்கக்கூட அந்தக் கதவைத் திறக்கப் பிடிக்கவில்லை. உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை கார்லா, ட்ரெய்லரைப் பார்த்தேன். அதன் மூக்கு, அதாவது வண்டியில் மாட்டுகிற முன்முனை, வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பின்பக்கம் தரையை நோக்கித் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பின்பக்கத்தில் நான்கு சைக்கிள்களை வேறு மாட்டி வைத்திருக்கிறீர்கள். இழுக்கிற வண்டி எங்களுடையதைப் போலவே சின்ன வண்டி. நீங்கள் வரப்போகிற சாலையும் நாங்கள் போன அதே சாலை. அதனால் போன செப்டம்பரில் நடந்ததை நடந்தபடி உனக்குச் சொல்லியாக வேண்டும். காற்று தள்ளிவிட்டது என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, அது பொய்.

முதலிலிருந்து சொல்கிறேன். பழைய பிக்கப் லாரி நன்றாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி வந்த பிறகு அதில் ஏற முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் நான் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது, கோயில் வாசலில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு வெட்கம். அதனால் தாழ்வாக, உட்காரச் சுகமாக ஒரு சின்ன வண்டி பார்த்தேன். மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு இழுக்கும் என்று விற்றவன் சொன்னான், ட்ரெய்லர் வெறும் எடை இரண்டாயிரத்து எண்ணூறு, கணக்கு சரியாக இருக்கிறது என்று வாங்கிவிட்டேன். தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், துணிமணி, நாங்கள் இரண்டு பேர், இதெல்லாம் அந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஹார்லன் ஒருதடவை சுற்றிப் பார்த்துவிட்டு, “என்ன மிலோ, ஆட்டுக்குட்டியை ஏர்ல பூட்டப் போறியா?” என்றான். இழுக்கும் என்று வண்டிப் புத்தகத்திலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். “இழுக்குறதை யாருய்யா கேட்டா? நிறுத்துமா, அதைச் சொல்லு. பின்னாடி வர்றது உன்னைவிட கனமா இருந்துச்சுன்னா, அது சொல்றதைத்தான் நீ கேக்கணும்” என்றான். ட்ரெய்லர் பிரேக்கைத் தனியாகக் கையால் அழுத்துகிற பெட்டி ஒன்று உண்டு, அதை வண்டியில் பொருத்தித் தருகிறேன், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போ என்றும் சொன்னான். புது வண்டியில் துளை போடுவதா என்று நான் விடவில்லை. கல்யாணமாகாத கிழவன், எதிலும் குறை கண்டுபிடிப்பான் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

உங்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா உனக்கென்று எடுத்து வைத்ததை எல்லாம் ஏற்றினாள். சர்க்கரைப் பாகில் போட்ட பீச் பழம், பீட்ரூட் ஊறுகாய், எல்லாம் கண்ணாடி ஜாடிகள், ஐந்து டஜன் இருக்கும். அப்புறம் அவளுடைய இரும்புத் தையல் மெஷின். இதையெல்லாம் எங்கே வைக்க என்று என்னிடம் கேட்டாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், எங்கே இடமிருக்கிறதோ அங்கே வை என்றேன். இடமிருந்தது ட்ரெய்லரின் கடைக்கோடியில், கட்டிலுக்கு அடியில். சக்கரங்களுக்குப் பின்னால் அவ்வளவு கனத்தை ஏற்றினால் முன்மூக்கு லேசாகிவிடும், மூக்கு லேசானால் ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். இது எனக்குத் தெரியும் கார்லா. முப்பது வருடம் தானியம் இழுத்தவன் நான். போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

டாரிங்டன் தாண்டியதும் ஒருதடவை ஆடியது. “பின்னாடி யாரோ நாய் மாதிரி உடம்பைச் சிலுப்புறாங்க மிலோ” என்றாள் அம்மா. வேகத்தைக் குறைத்தேன், நின்றுவிட்டது, சாலை சரியில்லை என்றேன். வீட்லாண்டுக்குப் பக்கத்தில் மறுபடியும் ஆடியது, இந்தத் தடவை அவள் ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள், அதன் பிறகு கையை எடுக்கவில்லை. லாரமியில் பெட்ரோல் போட நின்றோம். முந்தின நாள் காற்றில் மூன்று லாரிகள் சாய்ந்து கிடந்ததாகக் கல்லாவில் இருந்த பெண் சொன்னாள். “அந்தக் குட்டி வண்டியை வச்சுக்கிட்டு எங்க தாத்தா கிளம்பிட்டீங்க? காத்து அடங்குறவரைக்கும் காப்பி குடிச்சுக்கிட்டு இங்கயே உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தோம். நண்பகல் வாக்கில் நெடுஞ்சாலையில் எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டார்கள், கொடிக்கம்பத்தில் கொடி தொங்கிப்போயிற்று. காற்றுக்குப் பயந்து இரண்டு மணி நேரம் காத்திருந்தவன், வெளியே போய்ப் பின்கதவைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் செலவழிக்கவில்லை.

எல்க் மலையைத் தாண்டி ஒரு நீண்ட இறக்கம். பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது, அது போன இழுப்பில் ட்ரெய்லர் ஒருபக்கம் ஒதுங்கியது, பிறகு மறுபக்கம், ஒவ்வொரு வீச்சும் முந்தினதைவிடப் பெரிதாக. கண்ணாடியில் அது ஒருதடவை இடப்பக்கம் தெரிந்தது, அடுத்த நொடி வலப்பக்கம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்திருக்க வேண்டும். நான் பயத்தில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, ட்ரெய்லர் நிற்கவில்லை, எங்களைத் தூக்கித் திருப்பி வலப்பக்கமாகச் சாய்த்துப் புல்லோடு இழுத்துக்கொண்டு போனது. அம்மாவின் கை அந்தக் கைப்பிடியில் இருந்தது. ஜன்னல் கண்ணாடி உடைந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவில் அந்தக் கை மாட்டிக்கொண்டது. சாலை முழுக்க சிவப்பாக ஓடியதைப் பார்த்து ஓடி வந்தவர்கள் பதறிப்போனார்கள், அது பீட்ரூட் சாறு. அம்மா கத்தவில்லை. “உனக்கு ஒண்ணும் ஆகலியே மிலோ” என்று கேட்டாள்.

ரோந்துப் போலீஸ்காரர் வந்து எப்படி நடந்தது என்று கேட்டார். திடீரென்று காற்று தூக்கிவிட்டது என்றேன். அவர் சாலையோரத்துப் புல்லைப் பார்த்தார். ஒரு தாள்கூட அசையவில்லை. பிறகு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காற்று என்றே எழுதிக்கொண்டார்.

அவள் கையில் இரண்டு விரல் போனது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பது இப்போது வேறொருத்தி. அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, அந்தப் பெண் தப்பாக வாசிக்கும் இடங்களில் மடியில் விரலை அழுத்துகிறாள். “காத்தை யாரு தடுக்க முடியும்?” என்று எல்லாரிடமும் சொல்கிறாள். போன ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து என்னைக் கேட்டாள், “மிலோ, நான் பின்னாடி ஏத்தின சாமானாலயா?” என்று. இல்லை டெலோரிஸ், காற்றுதான் என்றேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை எடுத்துப் பிசையத் தொடங்கினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே வைக்க என்று அவள் என்னைத்தான் கேட்டாள், அதை நினைத்தாவது என்மேல் கோபப்படுவாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை.

மாப்பிள்ளையிடம் சொல். முதலில் சைக்கிள்களைப் பின்பக்கத்திலிருந்து எடுங்கள். கனமானது எல்லாம் சக்கரத்துக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலும் தரையோடு இருக்கட்டும். பயணத்துக்கு ஏற்றுகிற அத்தனையையும் ஏற்றி, தண்ணீரும் நிரப்பி, லாரிகள் நிற்கிற இடத்தில் எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். ட்ரெய்லர் மட்டும் மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள், பிறகு கொக்கியிலிருந்து கழற்றி மூக்கை மட்டும் மேடையில் ஊன்றி எடை பாருங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் கிளம்பாதீர்கள். அந்த பிரேக் பெட்டியைப் பொருத்துங்கள், ஹார்லன் சொன்னதை நான் கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள். வண்டி சின்னதாகப்பட்டால் ட்ரெய்லரை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் வாருங்கள், பிள்ளைகள் எங்கள் கூடத்தில் படுத்துக்கொள்ளட்டும். ரஸ்ஸல் சிரிப்பான். நானும் சிரித்தேன்.

நீங்கள் போகிற வழியெல்லாம் கடவுள் கூடவே வரட்டும், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. எடை பார்த்த அன்று போன் செய், மூக்கின் எடையை மட்டும் சொல், வேறெதுவும் சொல்லாதே. அம்மா பக்கத்தில்தான் இருப்பாள், என்ன எடை அது என்று கேட்பாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் இன்னும் ஒரு பொய் இருக்கிறது.

உன் அப்பா,
மிலோ ரைசிக்